ஏழாவது தட்டு

பார்லோ துரை போட்டோவை மேஸ்திரி காளையின் மூக்குக்கு நேரே நீட்டினார். பழுப்பேறிய அட்டை. அதில் தொப்பி போட்ட இரண்டு துரைமார், வட்டமான மணல் தரை, நடுவில் ஒரு கொடி, மேலே வானம். மரம் இல்லை, மலை இல்லை, அடையாளம் சொல்ல ஒன்றுமில்லை.

"ஏழாவது," என்றார் துரை. "எங்கே?"

காளைக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்னால் அந்தத் தரைக்கு மண் சுமந்தவர்களில் அவனும் ஒருவன். அப்போது அவனுக்கு மீசை முளைத்திருக்கவில்லை. இப்போது நின்ற இடத்திலிருந்து மேற்கே கழுத்தைத் திருப்பினால் அந்தத் தரை தெரியும். அதன் மேலும் அதைச் சுற்றியும் பதினொரு குடிசைகள் நின்றன. மூன்றாவது குடிசையின் கூரைக்கு மேல் புகை வந்துகொண்டிருந்தது. அது அவன் வீட்டு அடுப்பு.

அவன் கழுத்தைத் திருப்பவில்லை. கையைத் தூக்கி வடக்கே, ஒற்றைப் பனை நின்ற பொட்டலைக் காட்டினான்.

"அங்கன தொர. அந்தப் பனைக்குக் கெழக்கால."

பசுமலையைத் தாண்டி, திருமங்கலம் ரோட்டுக்கு மேற்கே கிடந்தது அந்த கோல்ப் மைதானம். சுற்று வட்டாரத்தில் அதற்குப் பந்துக்காடு என்று பேர். அந்தக் கரட்டு மண்ணில் புல் நிற்காது. அதனால் பந்து விழவேண்டிய குழியைச் சுற்றி மட்டும் மண்ணை வெட்டியெடுத்து, வைகை மணலைக் கொட்டி, எண்ணெய் ஊற்றிப் பிசைந்து, உருளை போட்டு இறுக்கி வட்டமாக ஒரு தளம் போடுவார்கள். துரைமார் அதற்கு இங்கிலீஷில் ஏதோ சொல்வார்கள். வேலை செய்கிறவர்களுக்கு அது தட்டு. ஆதியில் ஒன்பது தட்டு இருந்தது. ஜெர்மன் சண்டை வந்தபோது துரைமார் பாதிப் பேர் போய்விட, மேற்கே இருந்த மூன்றைக் கைவிட்டார்கள். அப்போதிருந்த செக்ரட்டரி, மைதான வேலைக்காரர்களை அந்தப் பக்கம் போய் இருந்துகொள்ளச் சொன்னார். சொன்னதோடு சரி, காகிதம் எதுவும் கொடுக்கவில்லை.

இடம் பார்த்தது காளைதான். ஏழாவது தட்டின் மேல் குடிசை போட்டால் கரையான் வராது. எண்ணெய் குடித்த மணலில் அது வாய் வைக்காது. ஐப்பசி மழையில் ஊரெல்லாம் சொதசொதவென்று கிடக்கும்போது அங்கே மட்டும் தரை காய்ந்திருக்கும்.

பார்லோ துரை செக்ரட்டரியாக வந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. கிளப் அலமாரியில் அவருக்கு ஒரு போட்டோ ஆல்பம் கிடைத்தது. மைதானத்தை முதலில் வகுத்த துரை எடுத்து வைத்தது. அவர் செத்துப் பல வருசம். அவர் போட்ட வரைபடமும் அதே அலமாரியில் இருந்தது. அதைக் கரையான் தின்றுவிட்டது. அன்றிலிருந்து பார்லோ துரைக்கு வேறு நினைப்பில்லை. அந்த மகராசன் வகுத்தது வகுத்தபடி ஒன்பதும் திரும்ப வரவேண்டும், நடுவில் வந்தது எதுவும் நிற்கக்கூடாது என்றார். வேலைக்காரர்கள் நிழலுக்கு வைத்த மூன்று வேம்பு முதலில் போயிற்று. அப்புறம் தகரக் கொட்டகை. ஒவ்வொன்றும் போகும்போது கையில் போட்டோவைப் பிடித்துக்கொண்டு, இது இதில் இல்லை என்பார்.

எட்டையும் ஒன்பதையும் காளை சரியாகத்தான் காட்டிக்கொடுத்தான். அங்கே கள்ளிதான் முளைத்திருந்தது. ஏழாவதில்தான் பொய் சொன்னான்.

துரைக்குப் பக்கத்தில் நின்ற ஓவர்சியர் பஞ்சாபகேசன் தொண்டையைச் செருமினார். மராமத்து இலாகாவில் முப்பது வருசம் வாய்க்கால் வேலை, கண்மாய் வேலை என்று மண்ணை அளந்தே ஓய்வு பெற்றவர். இந்த வேலைக்காகத் துரை அவரைக் கூப்பிட்டு வைத்திருந்தார்.

"வாயால சொல்றதை வெச்சுண்டு வேலை ஆரம்பிக்க முடியாது காளை," என்றார். "எண்ணெய் மணல் எங்கேயும் போயிடாது. மேல மண் மூடியிருந்தாலும் அடியில கறுப்பாப் படிஞ்சிருக்கும். நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை கார்த்தால அங்கே வெட்டிப் பார்த்துடுவோம். நீதான் வெட்டணும்."

"சரிங்க சாமி," என்றான் காளை.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் எல்லோரும் கூடினார்கள். காளை நடந்ததைச் சொன்னான். அவன் பெண்டாட்டி இருளாயி கேட்டுக்கொண்டே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொட்டல்ல ஒண்ணும் இருக்காதுல்ல," என்றாள்.

"ஒண்ணும் இருக்காது. நாலு வெட்டுக்கு மேல சுக்காம்பாறைதான்."

"பொறவு எதுக்கு அங்கன கையக் காட்டுனீக?"

"பின்ன இங்கிட்டா காட்டச் சொல்ற?"

சின்னக்கருப்பன் அவளுடைய தம்பி. மண்வெட்டிக் கூட்டத்தில் முன்னால் நிற்கிறவன். "வேற எங்கயாச்சும் குடிசை போட்டுக்கிட்டாப் போச்சு மச்சான். கண்மாய்க்கரையில எடம் கெடக்கு," என்றான்.

அன்னக்கொடி சிரித்தாள். அவளுக்கு நாற்பது வயது, வாய் மட்டும் நூறு வயது என்பார்கள். "கண்மாய்க்கரையில எடம் கெடக்கு. தண்ணி எங்க கெடக்கு? ஊர்க் கெணத்துக்குப் போய், கொடத்தக் கீழ வச்சிட்டு, எந்த மவராசி ஊத்துவாளோன்னு உச்சிப்பொழுது வரைக்கும் நிக்கணும். ஒன் பொண்டாட்டிய நிக்கச் சொல்லு. நான் நிக்க மாட்டேன்."

அவர்கள் கூடி நின்ற அந்தக் கிணறு அவர்களே வெட்டியது. பகலெல்லாம் துரைமாருக்கு வேலை பார்த்துவிட்டு, வந்த கையோடு இறங்கி, இரண்டு வருசம். முப்பத்தெட்டு அடி. இருபதாவது அடியில் பாறை வந்தது, முப்பதாவது அடியில் பக்கச் சுவர் சரிந்து அன்னக்கொடியின் புருசன் போனான். அவனை எடுத்துப் புதைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி இறங்கினார்கள். யாரிடமும் கேட்காமல் கயிறு விட்டுத் தண்ணீர் எடுப்பது அவர்கள் தலைக்கட்டில் அதுதான் முதல் தடவை.

"கறுப்பு மணல்தானே வேணும் அந்த ஐயருக்கு," என்றாள் அன்னக்கொடி கொஞ்சம் பொறுத்து. "நம்ம காலுக்குக் கீழ இம்புட்டுக் கெடக்கே. வெட்டிக் கொண்டுபோய் அங்கன பொதைச்சிருவோம்."

இருளாயி கயிற்றைப் பிடித்த கையோடு நின்றாள். காளை அன்னக்கொடியைப் பார்த்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை உச்சிவெயிலில் வேலை ஆரம்பித்தது. அந்நேரம் துரைமார் பங்களாவில் படுத்திருப்பார்கள். ஓவர்சியர் சாமான் எடுக்க மதுரைக்குப் போயிருந்தார், பொழுது சாய்ந்துதான் வருவார். கூடையும் மண்வெட்டியுமாக ஆட்கள் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. தினமும் போகிறவர்கள்தான்.

பெண்கள் தட்டின் மேல் நின்ற வீடுகளிலெல்லாம் சட்டி பானையை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தரையைக் கொத்தினார்கள். சாணி மெழுகிய பொருக்கு பெயர்ந்ததும் கறுப்பு மணல் கட்டிகட்டியாக வந்தது. பதினெட்டு வருசம் அதன் மேல் படுத்து எழுந்திருக்கிறார்கள், பிள்ளை பெற்றிருக்கிறார்கள். பழைய எண்ணெய் வாடை குப்பென்று மேலே வந்தது. இருளாயி ஒரு சாண் ஆழம் எடுத்தாள். சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு கூடை கூடையாகத் தூக்கிவிட்டாள்.

பனையடியில் சின்னக்கருப்பன் ஏழு ஆளை வைத்து வட்டம் போட்டு வெட்டினான். மேல் புல்லைப் பத்தை பத்தையாகச் சீவி வரிசை மாறாமல் அடுக்கிவைத்தார்கள். இரண்டு அடி ஆழம் வெட்டி, கறுப்பு மணலை ஒரு சாணுக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இடித்து, மேலே பழைய மண்ணைப் போட்டு மறுபடி இடித்து, புல் பத்தைகளை எடுத்தபடியே வைத்தார்கள். காளை அங்கே இல்லை. ரோட்டோரம் வேலிமுள் வெட்டுகிற மாதிரி அரிவாளோடு நின்று, வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நின்றால்தான் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அவன் மேஸ்திரி.

பொழுது விழுகிற நேரத்தில் வந்து பார்த்தான். காலால் தடவினான். குனிந்து ஒரு பத்தையை அசைத்துப் பார்த்தான். எங்கே வெட்டினது, எங்கே வெட்டாதது என்று அவனுக்கே தெரியவில்லை.

"நல்லாருக்கு மாப்ள," என்றான்.

"நம்ம கை வேலை சோடை போகுமா மச்சான்," என்றான் சின்னக்கருப்பன். இடுப்பு நிமிராமல் ஆறு மணி நேரம் வெட்டியவன், அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் துரை வெள்ளைக் கால்சட்டையோடு வந்தார். பஞ்சாபகேசன் குடையை ஊன்றிக்கொண்டு, காளை காலால் கோடு போட்டுக் காட்டிய வட்டத்தின் ஓரத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். காளை மண்வெட்டியை ஓங்கினான். ஒரு முழம் இறங்கியதும் கறுப்பு தெரிந்தது.

துரை அப்படியே மண்டி போட்டு உட்கார்ந்தார். ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். ஓவர்சியரிடம் நீட்டினார், அவரும் மோந்தார். அவர் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. காளை மண்வெட்டியின் பிடியில் நெற்றியைச் சாய்த்து மூச்சு விட்டுக்கொண்டான்.

அதோடு விட்டிருக்கலாம். துரை விடவில்லை. பந்து விழுகிற குழிக்கு அந்தக் காலத்தில் தகரக் கூடு பதித்திருப்பார்கள், அது நடுவில்தான் இருக்கும், அதை எடுத்துவிட்டால் அந்த மகராசன் கை வைத்த இடமே கிடைத்துவிடும் என்று அவர் இங்கிலீஷில் சொல்ல, ஓவர்சியர் அதைத் தமிழில் சொன்னார். "நடு வரைக்கும் கால்வாய் மாதிரி எடுத்துண்டு போ."

காளை எடுத்துக்கொண்டு போனான். கறுப்பு ஒரே சீராக வந்தது. பத்தடி போனதும் கறுப்பு நின்றுவிட்டது. மண்வெட்டியின் சத்தம் வேறு மாதிரி கேட்டது. அடுத்த வெட்டில் அது என்னவென்று தெரிந்துவிட்டது. கையை நிறுத்தினான். ஆனால் மண் தானாகச் சரிந்து அதைக் காட்டிக்கொடுத்தது.

நடுவில் ஒரு திட்டு நின்றது. நாலு பக்கமும் மண்வெட்டியால் சீவிய, முழ அகலச் சதுரத் திட்டு. கறுப்பு மணல் அதைச் சுற்றி வந்து முட்டி நின்றது. திட்டில் அந்த இடத்துப் பழைய கரட்டு மண், கலையாமல், அசையாமல், மேலே முளைத்த புல்லின் வேர் ஒரு சாண் உள்ளே ஓடிக்கிடக்க நின்றது.

மண் வேலை செய்கிறவர்கள் எந்தக் குழி வெட்டினாலும் நடுவில் அப்படி ஒரு திட்டை வெட்டாமல் விடுவார்கள். எத்தனை ஆழம் வெட்டினோம் என்று அளக்க வருகிறவருக்கு அதுதான் கணக்கு. அளந்து முடித்த பிறகே அதைத் தட்டுவார்கள். சின்னக்கருப்பன் இதற்கு முன்னால் அளவு இல்லாத ஒரு குழியை வெட்டியதே இல்லை. யார் அளக்கப்போகிறார்கள் என்று யோசிக்காமலே அவன் கை அதை விட்டுவிட்டது. கூட வெட்டிய ஏழு பேருக்கும் அது கண்ணில் உறுத்தவில்லை.

பஞ்சாபகேசனின் கை இடுப்பில் இருந்த டேப்புக்குப் போய்விட்டு, நின்றது. குனிந்து திட்டின் பக்கத்தில் விரலை வைத்து, மண்வெட்டி சீவிய தடத்தைத் தடவினார். தடம் ஈரமாக இருந்தது.

"நேத்திக்கு வெட்டினதுடா இது," என்றார் மெதுவாக.

"சாமி," என்றான் காளை. "அங்கன பதினோரு வீடு இருக்கு."

"தெரியறது."

"கெணறு இருக்கு சாமி."

துரை ஏதோ கேட்டார். அந்தத் திட்டைக் கையால் காட்டிக் கேட்டார். பஞ்சாபகேசன் பதில் சொன்னார். ஒரு குடம் தண்ணீர் இறைக்கிற நேரம் பேசினார். காளைக்கு இங்கிலீஷ் தெரியாது. அவன் துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். துரை முதலில் திட்டைப் பார்த்தார். அப்புறம் தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த கறுப்பு மணலைப் பார்த்தார். அப்புறம் தலையைத் தூக்கி மேற்கே, கூரைகளுக்கு மேல் புகை போகிற இடத்தைப் பார்த்தார்.

பார்த்துவிட்டுச் சிரித்தார். காளையின் தோளில் தட்டிக்கொடுத்தார். வைதால் காலில் விழலாம். சிரிக்கிறவரை என்ன செய்வதென்று காளைக்குத் தெரியவில்லை.

துரை வண்டியேறிப் போன பிறகு காளையும் ஓவர்சியரும் மைதானத்தில் நடந்தார்கள். ஓவர்சியர் குடையை விரிக்காமலே வெயிலில் நடந்தார்.

"பதினஞ்சு நாள் தவணை குடுத்திருக்கார். வேலையை விட்டு எடுக்கலை. கண்மாய்ப் பக்கம் இடம் காட்டச் சொல்லியிருக்கார். நல்ல மனுஷன்தான்."

காளை மண்வெட்டியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"என்ன பண்ணச் சொல்றே? நடுவுல நிக்கறதை அவரே பார்த்துட்டார். என்னன்னு கேக்கறார்."

"கரையான் புத்துன்னு சொல்லியிருக்கலாமே சாமி."

பஞ்சாபகேசன் நின்றுவிட்டார்.

"தோணலை," என்றார். "முப்பது வருஷம் அதைத்தானே அளந்தேன். வாயில அதுதான் வந்துது."

காளை அவரைப் பார்த்தான். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் துரை போட்டோவோடு குடிசைப் பக்கம் வந்தார். காளை அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டான். வீட்டைப் பிரித்துக்கொள்கிறோம். கிணறு மட்டும் இருக்கட்டும். தட்டுக்கு வெளியேதான் இருக்கிறது, அறுபது அடி தள்ளி. கண்மாயிலிருந்து நடந்து வந்து எடுத்துக்கொள்கிறோம். துரைமார் ஆடுகிற நேரத்தில் வரமாட்டோம். அவன் சொன்னதை ஓவர்சியர் கூடக்குறைய இல்லாமல் இங்கிலீஷில் சொன்னார். சொல்லி முடித்து, தானாகவும் ஏதோ சேர்த்துச் சொன்னார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

துரை போட்டோவைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். கிணற்றைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார்.

"இதில் கிணறு இல்லை," என்றார் தமிழிலேயே.

அதோடு பேச்சு முடிந்தது. மூட வேண்டும், மூடி மட்டம் பண்ண வேண்டும். காளையின் ஆட்கள் செய்யலாம். இல்லாவிட்டால் பேரையூரிலிருந்து கூட்டம் வரும்.

"வரட்டும்," என்றான் காளை.

வீடுகளைப் பிரித்தது மூன்று நாள் வேலை. கண்மாய்க்கரையில் நட்ட கால்களுக்கு அடியில் முதல் வாரமே கரையான் ஏறியது. சின்னக்கருப்பன் யாரோடும் பேசாமல் அலைந்தான். சோறு வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அன்னக்கொடி ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "ஏண்டா, எட்டுப் பேரு நின்னு வெட்டுனீக. எட்டுப் பேருல ஒருத்தனுக்குமா மண்டையில ஒண்ணுமில்ல?"

"கை பழகிருச்சுக்கா," என்றான் அவன்.

"என் புருசன் அந்தக் கெணத்துக்குள்ளதான்டா செத்தான்."

அவன் எழுந்து போய்விட்டான்.

பேரையூர்க் கூட்டம் ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தது. பதினாறு பேர், ஆணும் பெண்ணும். தலையில் கூடை, தோளில் மண்வெட்டி, இரண்டு நாள் நடந்த புழுதி முழங்கால் வரைக்கும். காளையும் இருளாயியும் கிணற்றடியில் இருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அவள் கண்மாயிலிருந்து விடிந்ததும் வந்து, கொண்டுபோக முடிந்த மட்டும் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாள். வரவேண்டாமென்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

"கொஞ்சம் தண்ணி ஊத்துங்க தாயி," என்றான் கூட்டத்துக்கு முன்னால் வந்தவன். வயசாளி, உதடு வெடித்திருந்தது.

இருளாயி காளையைப் பார்த்தாள். அவள் வாளியைத் தூக்கினாள். வந்தவன் குனிந்து இரண்டு கையையும் வாயோடு சேர்த்து ஏந்தினான். அவள் ஊற்றினாள். பதினாறு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து குடித்தார்கள். கடைசியாகக் குடித்த பெண் முகத்தையும் கழுவிக்கொண்டு, "கற்கண்டு மாதிரி இருக்கு," என்றாள்.

வயசாளி துண்டால் வாயைத் துடைத்தான். காளையின் கையைப் பார்த்தான். உள்ளங்கையில் காய்ப்பு ஏறிய இடம் தன் கையில் ஏறிய அதே இடம்.

"நீங்களும் மண்ணு வேலைதானா அண்ணே?"

"ஆமா."

"பொறவு எதுக்கு எங்களக் கூப்பிட்டாக? ஏதோ கெணறு மூடணுமாமே. எந்தக் கெணறு?"

"இதுதான்," என்றான் காளை.

வயசாளி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். பாறையில் உளி விழுந்த தடம் வரிவரியாகக் கீழே போவதைப் பார்த்தான். எட்டிப் பார்த்தபடியே கேட்டான். "யாரு வெட்டுனது?"

"நாங்கதான்."

பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கூடையைத் தலையிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். பங்களாப் பக்கமிருந்து ஓவர்சியரின் குடை வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு நா நடந்து வந்திருக்கோம் அண்ணே," என்றான் வயசாளி. "அங்கிட்டு மூணு வருசமா மழை இல்ல."

காளை தலையை ஆட்டினான். கையை நீட்டிக் கயிற்றை உருளையிலிருந்து கழற்றினான். சுருட்டி இருளாயியின் தோளில் போட்டான். உருளையையும் கழற்றி எடுத்துக்கொண்டான். அது அவர்கள் சொந்தத்தில் வாங்கியது.

"பொறுங்க," என்றாள் இருளாயி. வயசாளியைப் பார்த்துச் சொன்னாள். "இந்தச் சுத்துல வேற தண்ணி கெடையாது. பொழுது போற வரைக்கும் வெயில்ல நிக்கணும். ஒங்க பானையெல்லாம் குடுங்க."

கயிற்றைத் தோளிலிருந்து எடுத்து வெறும் கையாலேயே வாளியை இறக்கினாள். காளை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். அவர்கள் கொண்டுவந்திருந்த ஏழு பானையையும் நிரப்பி நிழலில் வரிசையாக வைத்தார்கள். அப்புறம் தங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

வேலிக்குப் பக்கத்தில் போகும்போது முதல் கூடை மண் விழுந்தது. தண்ணீரில் விழுகிற சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. இருளாயி நின்றாள். இரண்டாவது கூடை விழுந்தது, மூன்றாவது விழுந்தது.

"நட," என்றான் காளை. "குடம் தளும்புது."